சீகன்பால்கு சேலத்துக்கு வந்தாரா? ஆண்டு மலர்க் கட்டுரை தொடர்பாக ஓர் ஐயம்

கேள்வி: அஸ்தம்பட்டி தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எங்கள் சபை இவ்வாண்டு வெளியிடவுள்ள மலரைத் தொகுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வந்து சேர்ந்த கட்டுரைகளுள் ஒன்று, தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்குவைப் பற்றியது. எழுதியவர் சபையின் மூத்தவர். பக்தியோடும் உழைப்போடும் எழுதியிருக்கிறார். ஆனால் பக்கத்துக்கு நான்கு இடத்திலாவது 'முதன்முதலாக' என்ற சொல் வருகிறது. தமிழில் அச்சேறிய முதல் புத்தகம் அவருடையது, இந்திய மண்ணில் கால் வைத்த முதல் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்ட்) போதகர் அவரே, எட்டே மாதத்தில் தமிழ் முழுவதையும் கற்றுவிட்டார் என்று அடுக்கிக்கொண்டே போய், முடிவில் அவர் சேலத்துக்கும் வந்து சேர்வராயன் மலையடிவாரத்தில் சில மாதம் தங்கிப் போதித்ததாகவும் எழுதியிருக்கிறார்.

முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய கைக்கு இத்தகைய வாக்கியங்களைக் கண்டால் சிவப்பு மை தேடும் பழக்கம் போகவில்லை. பெரியவரின் மனம் நோகாமலும், அச்சில் பிழை ஏறாமலும் திருத்த வேண்டும். சேலம் வருகை உண்மையா? 'முதல்' என்பவற்றில் எவை நிற்கும், எவை நிற்காது? அவர் தமிழ் கற்ற முறை பற்றி நம்பத்தக்க செய்திகள் உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஏற்காடு ஒண்டிக்கடை வாசகர்

வணக்கம் அம்மா. சேலம் வருகையை முதலில் நீக்கிவிடுங்கள். சீகன்பால்கு சேலத்துக்கு வரவில்லை; வந்திருக்கவும் இயலாது.

தரங்கம்பாடி என்பது 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனிஷ் வணிகக் கம்பெனி பெற்ற சிறிய கடற்கரைப் பகுதி. கோட்டை, அங்காடி, சுற்றிலும் சில கிராமங்கள் என்ற அளவோடு அதன் எல்லை முடிந்துவிடும். அப்பால் தஞ்சை மராட்டிய அரசரின் நாடு. அங்கே அயல்நாட்டுப் போதகர் விருப்பம்போல் நடமாட முடியாது. தஞ்சை நகருக்குப் போக அவர் ஒருமுறை முயன்று, பாதி வழியிலேயே திரும்ப நேர்ந்தது. நாகப்பட்டினம், கடலூர், சென்னை என்று கடலோரமாகவே அவருடைய பயணங்கள் அமைந்தன. தஞ்சையே எட்டாதவருக்குச் சேலம் எப்படி எட்டும்?

ஆனால் பெரியவர் இதைக் கற்பனையாக எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு உண்மைச் செய்திகள் அவர் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம். சேலத்தில் சீர்திருத்தச் சபைப் பணியை 1827இல் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் தொடங்கியவர் ஹென்றி கிரிஸ்ப் என்ற ஆங்கிலேயர். அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து இங்கே நெடுங்காலம் பணியாற்றி, தொழிற்பள்ளி நடத்தி, 1861இல் மறைந்த லெக்லர் ஜெர்மானியர். ரேனியஸ் என்ற மிஷனரியுடன் திருநெல்வேலியில் இருந்துவிட்டு வந்தவர். ஆக, சேலத்தில் ஒரு ஜெர்மானிய மிஷனரி இருந்தார் என்பது மெய். அதுபோல எங்கள் சேர்வராயன் மலைப் பகுதியில் பிற்காலத்தில் ஊழியம் செய்தவர்களுள் டேனிஷ் மிஷன் சங்கத்தாரும் உண்டு. 'ஜெர்மானியர்', 'டேனிஷ் மிஷன்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தால் எவருக்கும் தரங்கம்பாடிதான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி இருப்பதை நினைவு தாண்டிவிடுகிறது.

சேலத்துக்கு மிக முற்பட்ட கிறிஸ்தவ வருகை ஒன்று வேண்டுமென்றால், 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்த தத்துவ போதகர், அதாவது ராபர்ட் டி நொபிலி இருக்கிறார். ஆனால் அவர் கத்தோலிக்கரான இயேசு சபைத் துறவி. உங்கள் மலரில் அவருக்கு இடம் உண்டா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்து சீகன்பால்குவின் வாழ்க்கை. 1682இல் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார்; இளமையிலேயே பெற்றோரை இழந்தார்; நோயாளி உடம்பு; ஹாலே நகரில் பிராங்கே என்ற இறையியலாளரின் நிழலில் சிறிது காலம் படித்தார். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் தம் குடியேற்றத்துக்குப் போதகர்களை அனுப்ப விரும்பியபோது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இரண்டு ஜெர்மானியர்கள்: இவரும் ஹென்றி புளூட்சோவும். 1705 நவம்பரில் 'சோபியா ஹெட்விக்' கப்பலில் ஏறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தார்கள். மன்னர் அனுப்பிய போதகர்களை மன்னரின் ஆளுநர் ஹாசியஸ் விரும்பவில்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு. வணிகம் செய்ய வந்த கம்பெனிக்கு, அடிமைகளையும் ஏழைகளையும் கூட்டி வைத்துப் பாடம் சொல்லும் போதகர்கள் இடைஞ்சலாகத் தெரிந்தார்கள். 1707 மே மாதம் அவர்களிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் அங்கிருந்த ஐரோப்பியரின் அடிமைகளே. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய எருசலேம் என்ற சிற்றாலயம் திறக்கப்பட்டது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளியும் தொடங்கியது.

மோதல் முற்றி, ஒரு விதவையின் பண வழக்கில் அவள் பக்கம் நின்ற காரணத்தால், 1708 நவம்பரில் ஆளுநர் சீகன்பால்குவைக் கோட்டையில் அடைத்தார். ஏறக்குறைய நான்கு மாதம் சிறை. தரங்கம்பாடியின் அந்த டேன்ஸ்போர்க் கோட்டையை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். கடற்காற்று ஓயாமல் அடிக்கும் அந்தக் கோட்டையில் சிறைக்குள் மட்டும் காற்று எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். தொடக்கத்தில் பேனாவும் தாளும்கூட மறுக்கப்பட்டன. பின்னர் கிடைத்ததும் எழுதத் தொடங்கிவிட்டார். மனிதருக்கு எழுதாமல் இருக்கத் தெரியாது.

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தார்

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். மதம், வரலாறு இரண்டிலும் எனக்கு ஆழமில்லை. ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் மூன்று தலைமுறையாக அச்சகம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்துத் திருமண அழைப்பிதழ் அடித்த காலத்தை நானே பார்த்தவன். எனவே 'தமிழில் அச்சேறிய முதல் புத்தகம்' என்ற வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: அது தவறு.

தமிழ் எழுத்துகளில் இந்தியாவில் முதலில் அச்சான நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கமே உள்ள அந்தச் சிறு நூலைத் தமிழாக்கியவர் அன்றிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கஸ். அதே அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586இல் புன்னைக்காயலில் அச்சானது. ஆகவே தமிழ்நாட்டு எல்லைக்குள் என்று சுருக்கினாலும் தரங்கம்பாடிக்கு முந்தியவை உண்டு. ஆனால் 1670களின் இறுதியில் அம்பலக்காட்டில் நடந்த அச்சுப்பணிக்குப் பிறகு அந்த மரபு அறுந்துபோய், தமிழ் அச்சு என்பதே மறந்துபோன ஒன்றாகிவிட்டது. அறுந்த இழையை மீண்டும் முடிந்து, தொடர்ந்து ஓடச் செய்தது தரங்கம்பாடி அச்சகம். 'முதல்' என்று எழுதுவதைவிட இதை விரிவாக எழுதினால் பெரியவருக்குப் பெருமை குறையாது. இந்திய மொழி ஒன்றில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடுதான் என்ற வரியை அவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

அந்த நூல் உருவான விதம் என்னைப் போன்றவனுக்குப் புராணக்கதை போன்றது. 1708இல் மொழிபெயர்ப்பைத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்துவிட்டார். மொழிபெயர்த்தவருக்கு மூன்று ஆண்டுக்குள் முடிந்த வேலை, அச்சிட்டவர்களுக்கு அதைவிட நீண்ட பாடாகப் போயிற்று. லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் ஓர் அச்சு எந்திரத்தைக் கப்பலில் அனுப்பினார்கள். அந்தக் கப்பலை ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டனர். மீட்டுக்கொண்டு வரும் வழியில், எந்திரத்தோடு வந்த அச்சாளர் நோயால் இறந்துபோனார். எந்திரம் வந்தது, இயக்கத் தெரிந்தவர் வரவில்லை. 1713இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளோடு ஆட்லர் என்ற அச்சாளர் வந்து சேர்ந்த பிறகே தமிழ் அச்சுப்பணி தொடங்கியது.

இனிமேல்தான் தொழில் தெரிந்தவனுக்குச் சுவையான இடம். ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. தமிழ் எழுத்தைப் பார்த்திராத கைகள், ஓலையிலும் தாளிலும் வரைந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்து வெட்டியவை வேறு எப்படி இருக்கும்? பெரிய எழுத்தில் கோத்தால் ஒரு பக்கத்தில் சில வசனங்களே அடங்கும். தாளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் 'அஞ்சு வேத பொஸ்த்தகம்' என்ற பெயரில் அச்சானதுமே தாள் பற்றாக்குறை கழுத்தை நெரித்தது. எனவே ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வெட்டி வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கித்தான் அந்த எழுத்துகளை வார்த்தார்கள் என்று ஒரு செய்தி வழங்குகிறது. வெறும் ஈயத்தில் வார்த்த எழுத்து சீக்கிரம் மழுங்கும், ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தால்தான் கூர்மை நிற்கும் என்பது எங்கள் பட்டறை அறிவு. அவர் என்ன கலந்தார் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தச் சிறிய எழுத்தில் மீதிப் பகுதியும் 1715இல் முடிந்தது. தாளுக்காகப் பொறையாற்றில் ஒரு காகித ஆலையே கட்டிப் பார்த்தார்கள், அது நீடிக்கவில்லை.

பழைய கம்போசிட்டர் ஒருவர் எங்கள் அச்சகத்தில் இருந்தார். ஒரு பாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கங்களின் தொகுதி) பிழைதிருத்தி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு முறை கண்ணாடி துடைக்க வேண்டியிருக்கும். அடுத்த அறையில் சீகன்பால்கு உட்கார்ந்து புரூப் பார்த்திருப்பார் என்று நினைக்கும்போது, அந்த மிஷனரியை எனக்கு மிக நெருங்கியவராக உணர்கிறேன்.

மறுமொழி: சூரமங்கலம் வரலாற்று மாணவர்

அச்சகத்தார் ஐயாவின் விளக்கத்துக்குப் பின் அச்சைப் பற்றிக் கூற எதுவுமில்லை. நான் கிறிஸ்தவன் அல்லன். தமிழக வரலாற்றில் முதுகலை படித்தவன். எஞ்சிய ஒரு 'முதல்'ஐயும் தமிழ் கற்ற கதையையும் எடுத்துக்கொள்கிறேன்.

'இந்திய மண்ணில் கால் வைத்த முதல் சீர்திருத்தச் சபைப் போதகர்' என்பதும் நிற்காது. பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனியின் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651இலேயே ஹாலந்தில் வெளிவந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்தேயஸும் சீகன்பால்குவுக்கு அரை நூற்றாண்டு முந்தியவர். ஆனால் அவர்கள் கம்பெனிக்கு ஊழியம் செய்ய வந்த போதகர்கள். தமிழரிடையே சமயம் பரப்புவதையே வேலையாகக் கொண்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் சீர்திருத்தச் சபை மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் என்று எழுதினால் சரியாக இருக்கும். 'முதல் மிஷனரிகள்' என்று பன்மையில் எழுதுங்கள். புளூட்சோவை எல்லோரும் கப்பலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

'எட்டே மாதத்தில்' என்ற செய்திக்கு ஆதாரம் அவர் எழுதிய கடிதங்களே. எட்டு மாதத்தில் பேசவும் படிக்கவும் இயன்றது என்பதை நம்பலாம். 'தமிழ் முழுவதையும்' என்பதுதான் மிகை. அவர் கற்ற முறை நன்கு பதிவாகியுள்ளது. முதலில் ஒரு திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. பள்ளி ஆசிரியருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. எனவே போர்த்துக்கீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தினார். பிறகு ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் சேர்ந்தனர். காலை 8 மணி முதல் 12 மணிவரை தமிழ் நூல்களை அவர்களோடு வாசிப்பது, தெரியாத சொல்லைப் புலவர் விளக்க எழுத்தர் ஓலையில் குறித்துக்கொள்வது, மாலையில் மீண்டும் வாசிப்பு என்று ஒரு நியமமாகவே வைத்திருந்தார். இரண்டு ஆண்டுக்குள் 20,000 சொற்கள் கொண்ட சொற்பட்டியல் சேர்ந்துவிட்டது. 1708இல் தம்மிடமிருந்த நூல்களுக்கு அவர் எழுதிய விளக்க அட்டவணையில் கிறிஸ்தவ, இஸ்லாமிய நூல்கள் நீங்கலாகவே 119 தமிழ் நூல்கள் இடம்பெறுகின்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. நூல்களின் மதிப்பை அறியாத கைம்பெண்களிடம் இருந்த சுவடிகளைத் தம் எழுத்தர்களைத் தொலைவூர்களுக்கு அனுப்பி மலிவாக வாங்கியதை அவரே எழுதுகிறார். அதைப் படிக்கும்போது நன்றியும் சங்கடமும் ஒருசேர எழுகின்றன.

அதே ஆண்டில் 'நீதி வெண்பா', 'கொன்றை வேந்தன்', 'உலகநீதி' ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் பள்ளிகளில் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்' ஜெர்மன் மொழிக்குப் போனது இப்படித்தான். தமிழர் கல்வியறிவற்ற காட்டுமிராண்டிகள் என்று எண்ணியிருந்த ஐரோப்பியருக்கு, அவர்களிடம் ஒழுக்க நூல்கள் உண்டு என்று காட்டவே பெயர்த்ததாக அவர் கூறுகிறார். தாமும் வரும்போது அதே எண்ணத்தோடுதான் வந்ததாக மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

என் கருத்தில் சீகன்பால்குவின் மிகப் பெரிய பணி, அவர் காலத்தில் அச்சேறாத பணிதான். 1711இல் தமிழரின் சமயத்தையும் வாழ்வையும் பற்றி ஒரு பெருநூலும், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமரபு பற்றி மற்றொரு நூலும் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பராபரவஸ்து என்ற பரம்பொருளில் தொடங்கி, மும்மூர்த்திகள் வழியாக, ஐயனார், மாரியம்மன் முதலிய கிராம தேவதைகள்வரை வரிசைப்படுத்தும் நூல் அது. பிராங்கே அதை அச்சிட மறுத்தார். மிஷனரிகளை அனுப்பியது புறச்சமயத்தை வேரறுக்க, அதன் மூடக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் பதிலின் சாரம். தெய்வங்களைப் பற்றிய அந்த நூல் ஜெர்மான் என்ற மிஷனரியின் முயற்சியால் 1867இல் சென்னையில் அச்சேறியது. மற்றது 1926இல்தான் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இருநூறு ஆண்டுகள் ஒரு கையெழுத்துப் படி பெட்டிக்குள் கிடந்தது.

இன்னொன்று, தமிழர்களிடமே கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பிய கடிதத் தொகுப்பு. மொத்தம் 99 கடிதங்கள். 1714இலும் 1717இலும் அச்சாயின. பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எப்படியாயினும் அவற்றில் பேசுவது தமிழர் குரல். சில பதில்கள் மிகக் கூர்மையானவை. கிறிஸ்தவர்கள் குடிப்பதையும் மாட்டிறைச்சி உண்பதையும் கண்டு, இவர்களிடமா ஒழுக்கம் கற்பது என்று கேட்கின்றன. அந்தக் கேள்விகளையும் விடாமல் மொழிபெயர்த்து அனுப்பியவரை, வெறும் போதகர் என்ற ஒரு சொல்லில் அடக்க முடியவில்லை. ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகி அழகப்பன் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டார் என்பதையும் மலரில் ஒரு வரியாகவேனும் சேருங்கள். மிஷனரி பட்ட சிறை எல்லா நூல்களிலும் இருக்கிறது.

அஸ்தம்பட்டி தமிழாசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சூரமங்கலம் தம்பி கடைசியாக எழுதிய வரி என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. பெரியவரின் கட்டுரையில் அழகப்பன் பெயரே இல்லை. புலவரும் எழுத்தரும் 'சிலர் உதவியுடன்' என்ற இரண்டு சொற்களுக்குள் மறைந்துவிட்டார்கள்.

ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. சீகன்பால்கு ஒரு கோயிலில் சிலைகளை உடைத்தார் என்று என் உறவினர் ஒருவர் கூறினார். அது உண்மையா? உண்மையெனில் மலரில் எழுதுவது முறையா?

சூரமங்கலம் வரலாற்று மாணவர்

உண்மைதான் அம்மா. தரங்கம்பாடியில் பணி தொடங்கிய ஆரம்ப ஆண்டுகளில், வழியில் இருந்த ஒரு கோயிலில் நிறுத்தியிருந்த மண்ணுருவங்கள் சிலவற்றைத் தள்ளியும், சிலவற்றின் தலையைத் தட்டி உடைத்தும், இவற்றுக்கு ஆற்றல் இல்லை என்று காட்ட முனைந்ததை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அங்கிருந்த தமிழர் ஒருவர் கோபப்படாமல், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று விளக்கியதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். நம் சேலத்து முனியப்பன் கோயில்களில் பெரிய மீசையோடு அமர்ந்திருக்கும் காவல் உருவங்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பதில் உடனே விளங்கும். அவருக்கு அன்று விளங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து எழுதிய தெய்வ வழிமரபு நூலில், ஐயனாரையும் அவரைச் சூழ்ந்த உருவங்களையும் பொறுமையாக விவரிக்கும் அளவுக்கு விளங்கியிருக்கிறது. அவர் தம் சமயக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பார்க்கும் முறை மாறியது. எழுதுங்கள் என்பதே என் கருத்து.

ஏற்காடு ஒண்டிக்கடை வாசகர்

நான் சற்று மாறுபடுகிறேன். ஆய்விதழ் என்றால் எழுதத்தான் வேண்டும். சபை மலர் அப்படிப்பட்டதன்று. அந்த நிகழ்ச்சியை மட்டும் வெட்டி எடுத்துக் கைப்பேசியில் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதைக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நாம் தீனி போட வேண்டுமா? எழுதுவதாக இருந்தால் தம்பி சொன்னபடி காவல் வீரர்கள் என்ற பதிலையும் பின்னாளைய நூலையும் ஒரே பத்தியில் பிரிக்க முடியாதபடி வைத்து எழுதுங்கள்.

அவருடைய இறுதி ஆண்டுகளையும் கட்டுரை விட்டிருந்தால் சேர்த்துவிடுங்கள். 1714இல் ஐரோப்பா சென்றார். கப்பலில் போகும்போதே லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. மரியா டொரோத்தியாவை மணந்து அதே ஆண்டு திரும்பினார். கோபன்ஹேகன் மிஷன் சபையின் செயலராக இருந்த வெண்ட் என்பவர், மிஷனரிகள் கட்டடமும் பள்ளியும் அச்சகமும் என்று பணத்தைச் செலவிடாமல் அப்போஸ்தலரைப் போல எளிமையாகச் சுற்றித் திரிந்து போதிக்க வேண்டும் என்று கண்டித்துக் கடிதங்கள் அனுப்பினார். தஞ்சை எல்லையைத் தாண்ட முடியாதவரிடம் சுற்றித் திரியச் சொன்ன அறிவுரையை என்னவென்பது? ஏற்கெனவே நலிந்திருந்தவரை அது மேலும் நொறுக்கியது. 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயத்தின் இன்றைய கட்டடம் திறக்கப்பட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் அவர் மறைந்து அதே ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் ரூத் ஆகமத்தோடு நின்றிருந்தது. அதை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே.

சூரமங்கலம் வரலாற்று மாணவர்

ஒரே பத்தி என்ற யோசனையை ஏற்கிறேன். 'முதல் இலக்கணம்' என்று அந்த லத்தீன் நூலைக் குறிப்பிட்டிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அன்றிக் அடிகளார் பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசிய மொழியில் தமிழிலக்கணம் எழுதிவிட்டார். சீகன்பால்குவின் மொழிநடையைப் பற்றி எழுதும்போதும் எச்சரிக்கை வேண்டும். 'பொஸ்த்தகம்' என்ற தலைப்பே காட்டுவதுபோல அது கடற்கரைப் பேச்சு வழக்கை ஒட்டிய தமிழ். தரங்கம்பாடியாரின் தமிழை இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர் கடுமையாக எள்ளியிருக்கிறார். சமயப் போட்டியும் அதில் கலந்திருந்தது, இலக்கணக் குறையும் மெய்யாக இருந்தது.

அஸ்தம்பட்டி தமிழாசிரியை

பெரியவரை நேற்று மாலை வீட்டில் சந்தித்துப் பேசினேன். சேலம் வருகையை நீக்க முதலில் உடன்படவில்லை. லெக்லரின் பெயரைச் சொன்னதும் சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, தம் பாட்டனார் சொன்ன 'ஜெர்மன் துரை' அவராகத்தான் இருக்க வேண்டும் என்று தாமே கூறினார். சேலத்துப் பகுதியைத் தனிக் கட்டுரையாக எழுதித் தருகிறாராம். 'முதன்முதலாக' பதினேழு இடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. அழகப்பனுக்கு ஒரு பத்தி வந்துவிட்டது. மண்ணுருவ நிகழ்ச்சியை ஏற்காடு ஐயா சொன்ன முறையில் நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன்; பெரியவர் படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை, கோடு போட்டு அடிக்கவும் இல்லை.

அச்சகத்தார் ஐயா, உங்களிடம் பழைய ஈய எழுத்துகள் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் மலருக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் அழைத்து வரலாமா?

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தார்

இரண்டு கேஸ் (எழுத்துப் பெட்டி) நிறைய இருக்கின்றன அம்மா. எடைக்குப் போடச் சொல்லி வீட்டில் வற்புறுத்தியபோதும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல் வாருங்கள். காலையில் அங்காடித் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பிள்ளைகள் வரட்டும், அவரவர் பெயரைக் கோத்துத் தருகிறேன். எழுத்து தலைகீழாகத்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.